கழுகு வராத மலையில்

போன மே மாதம் குழந்தைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு, நானும் என் கணவரும் செங்கல்பட்டிலிருந்து கிளம்பித் திருக்கழுக்குன்றம் மலை ஏறினோம். வெயில் ஏறினால் கல்படி கால் பொசுக்கும் என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டோம். 500-க்கும் மேல் படிகள்! அவருக்கு இதயத்தில் 'ஸ்டென்ட்' வைத்து ஆறு மாதம். டாக்டர் சம்மதித்தும் எனக்குத்தான் படபடப்பு.

"என்னங்க, கொஞ்சம் உட்காரலாமா?"

"நீ முதல்ல மூச்சு விடும்மா!"

மதியம் அங்கே சோறு உண்ண வந்த கழுகுகள் 1990-களோடு நின்றுபோயின. பாறை மட்டும் இருக்கிறது. கொண்டுபோன நீர்மோரைக் குடித்துவிட்டு இறங்கினோம்.

சாயங்காலம் மாமல்லபுரத்தில் கடலில் கால் நனைத்தபடி, "நாளைக்கு என்ன குழம்பு?" என்றார். மாத்திரைப் பேச்சைத் தவிர வேறு பேச்சே இல்லாதிருந்தவர்! வத்தக்குழம்பு என்றேன், உப்பைக் குறைத்து.