குருசாமி இட்ட கல்

கார்த்திகை முதல் நாள் மாலையணிந்த முதிய குருசாமி ஒருவர், அன்றிரவே சபரிமலைப் பெருவழிப் பயணத்தைத் தாளில் வகுத்தார். எருமேலியில் பேட்டை துள்ளல், அழுதை நதிக்கரையில் தங்கல், பின் கரிமலை ஏற்றம், இறங்கினால் பம்பை. யானைகள் நடமாடும் காடாதலால் இருட்டுமுன் தங்குமிடம் சேரவேண்டும். கன்னிச்சாமிகள் விரதத்தின் 41 நாளும் வெறுங்காலுடன் நடந்து பழகவேண்டும். சுமை குறையலாம், மருந்து குறையலாகாது.

பெயர்ப் பட்டியலில் தம் முறை வந்ததும் அவர் கை தயங்கியது. முழங்கால் இடங்கொடுக்கவில்லை. தம்பொருட்டுக் குழுவே நடுக்காட்டில் நிற்க நேர்ந்தால்?

அழுதையில் மூழ்கி எடுத்த கல்லைக் கல்லிடுங்குன்றில் இடுவது மரபு. இம்முறை அவர் இடவேண்டிய கல், ‘என்னால் முடியும்’ என்னும் எண்ணமே. வழிநடத்தும் பொறுப்பை மூத்த சீடருக்கு எழுதினார். தாம் பம்பையில் காத்திருப்பதாக முடிவு செய்தார். பதினெட்டாம்படி இருவழியினருக்கும் ஒன்றே.