மூன்று பவுண்டு விசை

இந்தப் பக்கத்தில் துப்பாக்கியைப் பற்றி எழுதுவேன் என்று நானே நினைக்கவில்லை. பென்ஷன், சர்க்கரை வியாதி, ஸ்ரீரங்கத்துக் கூட்டம், பழைய டூல் ரூம் கதைகள் என்று ஓடிக்கொண்டிருக்கிற இடம் இது. ஆனால் இதுவும் ஒரு வகையில் டூல் ரூம் கதைதான். பொறுமையாகப் படியுங்கள்.

நம் வயதுக்காரர்களில் பலருக்குத் துப்பாக்கி என்றால் என்.சி.சி.தான். 25 கெஜத்தில் அட்டை, குப்புறப் படுக்க வேண்டும், .22 ரைபிளில் ஐந்து குண்டு. அதோடு சரி. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஹவில்தார் தினமும் ஒன்றைத்தான் கத்துவார்: ட்ரிகரை வெடுக்கென்று இழுக்காதே, மூச்சை நிறுத்திக்கொண்டு மெதுவாக அழுத்து. குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் கடைசி நொடியில் விரல் கெடுத்துவிடும் என்பது அன்றைக்கே தெரிந்துபோனது. ஏன் கெடுக்கிறது என்பது புரிய எனக்கு ஐம்பது வருஷம் ஆனது. புரிந்த இடம் அமெரிக்கா, ஒஹையோ மாநிலம்.

மகன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். வயது 76. லேத், மில்லிங், கிரைண்டிங் என்று வாழ்நாள் முழுக்க மெஷின் ஷாப்பில் இருந்தவர். என் உத்தியோகத்தைக் கேட்டதும் கராஜுக்குக் கூட்டிப்போய் மைக்ரோமீட்டர்களைக் காட்டினார். பிறகென்ன, தினமும் சாயங்காலம் காப்பி அங்கேதான். ("ஏங்க, அவங்க வீட்டுக்காரம்மா என்ன நினைப்பாங்க?" என்று என் மனைவி கேட்டுக்கொண்டே இருந்தாள்.)

அவருக்கு இரண்டு கையிலும் முடக்குவாதம். ஆள்காட்டி விரல் கணுவில் புளியங்கொட்டை மாதிரி வீக்கம். எரீ ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்று ஓர் இடம் இருக்கிறது. 1907-லிருந்து தேசிய அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் மைதானம். அங்கே ஜூலையில் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் என்று .22 ரைபிளுக்கான போட்டி உண்டு. படுத்து, உட்கார்ந்து, நின்று என மூன்று நிலை. ஒவ்வொன்றிலும் நிதானமாகப் பத்து, வேகமாகப் பத்து. வேகச் சுற்றில் தானியங்கி ரைபிள்காரர்கள் ஐந்து குண்டை 25 விநாடிக்குள் சுட வேண்டும். பல வருஷம் போய்வந்தவர், முந்தின வருஷம் விரலால் முடியாமல் போகவில்லை. "இன்னும் ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் விட்டுவிடுகிறேன்," என்றார். நடுவிரலால் அழுத்திப் பார்த்தாராம், அதிலும் வலி. மகள், "போதும் அப்பா, வித்துடுங்க," என்று சொல்லியாயிற்று.

அவரிடம் இருந்தது ரூகர் 10/22. 1964-ல் வந்த மாடல். குண்டு வெடிக்கும் வேகத்திலேயே போல்ட் பின்னால் போய்க் காலிக் கூட்டைத் தள்ளிவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒரு தடவை விட்டு, மறுபடி அழுத்த வேண்டும்.

விசைக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்று அளந்து பார்ப்போம் என்றேன். என்னிடம் சூட்கேஸ் எடை பார்க்கும் கைத்தராசு இருந்தது. திருச்சியிலிருந்து கிளம்பும்போது 23 கிலோவுக்கு மேல் போய்விடக் கூடாதே என்று வாங்கியது. ஐந்து பவுண்டு சர்க்கரைப் பையைத் தொங்கவிட்டுச் சரிபார்த்துக்கொண்டோம். தோட்டாக்கள் வேறு அறையில். மேகசின் கழற்றியாயிற்று, சேம்பர் காலி என்று இரண்டு பேரும் பார்த்தாயிற்று. அவர் கம்பி வளையத்தை விசையில் மாட்டி இழுத்தார், நான் எண்ணைப் படித்தேன். ஐந்து தடவையும் 2.7 கிலோவை ஒட்டியே வந்தது. அதாவது ஆறு பவுண்டு.

அந்த ரைபிளின் எடையே ஏறக்குறைய ஐந்து பவுண்டுதான்! தன் எடையைவிட அதிகமான பலத்தால் ஒரு பொருளின் ஒரு மூலையை இழுத்துக்கொண்டு, அது அசையக் கூடாது என்றால் எப்படி? ஹவில்தார் கத்தியதற்கு அர்த்தம் அந்தக் கராஜில்தான் விளங்கியது. இது தயாரிப்பின் குறை என்று நினைக்க வேண்டாம். யார் கைக்கெல்லாமோ போகிற பொருள், கீழே விழுந்தாலும் வெடிக்கக் கூடாது. விசை கனமாக இருப்பதுதான் நியாயம். போட்டிக்காரனுக்கு மட்டும் அது இடைஞ்சல்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். விசிட்டர் விசாவில் போனவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அங்கே துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான்: "அப்பா, பாருங்க, பேசுங்க. தொடாதீங்க." நானும் கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அதில் மரத்தை ஒரு திருகில் கழற்றி, இரண்டு பின்னைத் தள்ளினால் விசைத் தொகுதி மொத்தமாகத் தனியே வந்துவிடும். அதைப் பிரித்து உள்ளேயிருந்த சுத்தியலையும் சியரையும் மட்டும் தட்டில் வைத்து என்னிடம் கொடுத்தார். நான் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டேன்.

உள்ளே நடப்பது இதுதான். கதவை ஒருவன் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறான், உள்ளே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. தள்ளுகிறவன் ஸ்பிரிங், கதவு சுத்தியல், தாழ்ப்பாள் சியர். அவன் தள்ளத் தள்ளத் தாழ்ப்பாளை நகர்த்துவது கஷ்டம். நகர்த்தும்போது கரகரவென்று உராயும். விசையில் விரல் உணர்வதும் அந்தக் கரகரப்பைத்தான். போதாததற்கு, தாழ்ப்பாள் விழும் பள்ளத்தைச் சற்றுச் சாய்வாக வெட்டியிருந்தால், திறக்கும்போது கதவையே கொஞ்சம் பின்னால் தள்ள வேண்டியிருக்கும். பாதுகாப்புக்காக அப்படி வெட்டுவதுண்டு.

சரி, எதைக் குறைப்பது? ஸ்பிரிங்கைக் கண்டபடி தளர்த்தினால் சுத்தியல் அடி பலவீனமாகிவிடும். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பொருள் அடிவிளிம்பைச் சுற்றி இருக்கிறது. விளிம்பு நசுங்கினால்தான் வெடிக்கும். அடி போதவில்லை என்றால் வேகச் சுற்றின் நடுவில் 'டிக்' என்று சத்தம் மட்டும் வரும்.

பெரியவர் ஆயில் ஸ்டோனை எடுத்து வைத்திருந்தார். சியரைத் தேய்த்து விடலாம் என்று வீடியோ பார்த்திருக்கிறார். நான் வேண்டாம் என்றேன். வருஷக்கணக்காக அவ்வளவு நட்பாகப் பேசிக்கொண்டிருந்தவரிடம் அன்றைக்கு மட்டும் குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது, அவர் மனைவி எட்டிப் பார்த்தார். இந்த மாதிரிப் பாகங்களில் மேல்தோல்தான் கடினம். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் இன்றைக்கு வெண்ணெய் மாதிரி இருக்கும், ஆயிரம் குண்டுக்குப் பிறகு முனை மழுங்கி எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கோணத்தில் ஒரு டிகிரி தவறினால் போதும். அதிலும் இது ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட் முன்னும் பின்னும் மோதுகிற துப்பாக்கி. பிடிமானம் போதவில்லை என்றால் அந்த அதிர்ச்சியிலேயே சுத்தியல் நழுவி, ஒரு அழுத்தலுக்கு இரண்டு குண்டு போகலாம். உயிராபத்து ஒரு பக்கம். ஒரே அழுத்தலில் ஒன்றுக்கு மேல் சுடும் துப்பாக்கியை அங்கே சட்டமும் மெஷின் கன்னாகத்தான் பார்க்கிறது. மெஷின் ஷாப் ஆள் இல்லையா, கேட்டுக்கொண்டார். ஸ்டோன் அலமாரிக்குப் போனது.

கோணம் மாற்றி, கடினப்படுத்தி, முடித்த சுத்தியலையே ஸ்பிரிங்குகளோடு தயாராக விற்கிறார்கள். அதை வரவழைத்தார். மாட்டுவதற்கு ஒரு மணி நேரம். அவர் விரல்களுக்கு அந்தச் சின்ன ஸ்பிரிங்குகள் ஒரு சோதனை. இரண்டு தடவை பறந்துபோய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் தேடினோம். மறுபடி தராசு: 1.2 கிலோ. கிழவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நான்தான் சிரிக்கவில்லை. போட்டி விதிப்படி விசை மூன்று பவுண்டுக்குக் குறையக் கூடாது. அதாவது 1.36 கிலோ. விசையைத் திரும்பத் தள்ளும் சின்ன ஸ்பிரிங்கை மட்டும் கழற்றி, பழையதையே போடச் சொன்னேன். 1.5 வந்தது. இன்னும் ஒட்டி வைக்கலாமே என்றார். ஸ்பிரிங் பழகப் பழகக் கொஞ்சம் தளரும், ஓரத்தில் நின்றுகொண்டிருக்காதீர்கள் என்றேன்.

அப்புறம் சோதனைகள். காலித் துப்பாக்கியை நிமிர்த்தி, ரப்பர் சுத்தியால் கட்டையின் அடியில் தட்டுவது. போல்ட்டை இழுத்து வேகமாக விடுவது. சேஃப்டி போட்டுவிட்டு விசையை அழுத்துவது. ஒவ்வொன்றும் முப்பது தடவை. எங்கேயும் சுத்தியல் நழுவவில்லை. ரேஞ்சில் முதலில் ஒரு தோட்டா, பிறகு இரண்டு, பிறகுதான் ஐந்து.

ஜூலையில் மகன் காரில் நாங்கள் எல்லோரும் கேம்ப் பெர்ரி போனோம். ஏரிக் காற்று, நல்ல வெயில். சோதனை மேஜையில் துப்பாக்கியின் வாயை மேலே பார்க்க வைத்து, மூன்று பவுண்டு எடைக்கல்லை விசையில் மாட்டித் தூக்கினார் ஒருவர். கல் தரையை விட்டு எழுந்தது. சுத்தியல் விழவில்லை. என் பேத்திக்குப் பரீட்சை முடிவு வந்த அன்றுகூட எனக்கு அப்படிப் படபடக்கவில்லை.

உட்கார்ந்து சுடும் வேகச் சுற்றில் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவது குண்டு போனபோது 21 விநாடி. போன முறை கலந்துகொண்டபோது ஒரு சுற்றில் மூன்றோடு நேரம் முடிந்துவிட்டதாம். பரிசு வரிசையில் எல்லாம் அவர் இல்லை. மதிப்பெண் அட்டையை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மகளுக்குப் போன் போட்டார்.

மறுநாள் விரல் நன்றாக வீங்கியிருந்தது. என் மனைவி ஊரிலிருந்து கொண்டுபோன காயத்திருமேனித் தைலத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். அடுத்த வாரம் பாட்டிலையே கேட்டு வாங்கிக்கொண்டார். இந்த ஜனவரியில் மகன் கிளம்பும்போது எங்களுக்கு அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது: தைலம் இரண்டு பாட்டில் வேண்டும், ஜூலைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.