அந்தக் காலம் யாருக்குப் பொற்காலம்?

பழனி மலையடிவாரத்திலே, தென்னந்தோப்புகள் சூழ அமைந்துள்ளது அய்யம்பாளையம். மருதாநதி அணைக்குச் செல்லும் வழியில் ஒரு தோப்பு நிழலில் இளைப்பாறினோம். அங்கிருந்த முதியவர் ஒருவர், "1950-களில் இருந்த ஒற்றுமை இன்று ஏது ஐயா? திருவிழா என்றால் ஊரே ஒரு குடும்பம்!" என்று பெருமூச்செறிந்தார்.

மலைமேல் உள்ள கோடைக்கானலில் 1845-ஆம் ஆண்டிலேயே வீடு கட்டிக் குடியேறியவர்கள் அமெரிக்க மிஷனரிகள். அவர்தம் தாயகத்திலும் இன்று பலர் அதே 1950-களை எண்ணி ஏங்குகின்றனர். ஒருவர் ஊதியத்தில் வீடும் காரும் வாங்க முடிந்ததாம். ஆலயங்கள் நிரம்பி வழிந்தனவாம். ஆயினும், அந்நாளில் அங்கே தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குப் பள்ளியும் தனி, உணவகமும் தனி. அக்கொடுமையைத் தடை செய்த குடிசார் உரிமைகள் சட்டம் பிறந்தது 1964-இல்தான்.

நம் நாட்டிலோ, 1951-இல் எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் 18 பேரே. சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள். தேநீர்க் கடைகளிலே சிலருக்குத் தனிக் குவளை.

இவற்றை நாம் கூறவே, முதியவர் சற்று நேரம் மௌனமானார். பின்பு, "என் அக்காள் பெரியம்மையில் மாண்டதும் அந்தக் காலத்தில்தான்" என்றார்.

அன்றைய அயலார் அன்புக்காக ஏங்குவது நியாயமே. அந்த அன்பின் பந்தியில் அன்று இடம் பெறாதோர் எத்தனை பேர் என்பதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.