சாங்கியில் ஒரு சின்னத் தேவாலயம்

சாங்கி என்றதும் நமக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். வழியனுப்பப் போவோம், வரவேற்கப் போவோம், வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் ஜுவலில் அருவி பார்க்கப் போவோம். அதே சாங்கியில், சிறைச்சாலைக்கு அருகே அமைதியான இன்னோர் இடம் இருக்கிறது: சாங்கி தேவாலயமும் அரும்பொருளகமும். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்தில் போகலாம். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அனுமதி இலவசம்.

1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்கள் ஏறத்தாழ 50,000 பேர் கைதிகளாகச் சாங்கிக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். பசி, வயிற்றுக்கடுப்பு, பெரிபெரி. அதற்கு நடுவிலும் கிடைத்த பலகை, அத்தாப்பு ஓலைகளைக் கொண்டு அவர்கள் தேவாலயங்கள் கட்டிக்கொண்டார்கள். இன்று நாம் பார்ப்பது அவற்றின் நினைவாக எழுப்பப்பட்ட ஒன்று. அங்கே வைத்திருக்கும் பித்தளைச் சிலுவையைச் செய்தவர் ஹாரி ஸ்டாக்டன் என்ற கைதி. பீரங்கிக் குண்டின் உறையிலிருந்து அதைச் செய்தார். கொல்வதற்காக வார்த்த உலோகம், கும்பிடும் பொருளாகிவிட்டது.

என் அம்மாவோடு போயிருந்தேன். வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். யார் நலம் விசாரித்தாலும், "நல்லா இருக்கேன், ஸ்தோத்திரம்" என்பார். விடியற்காலை நிகழ்ச்சி நடத்துகிறவள் நான். தூக்கம் போதாவிட்டாலும் மனம் சரியில்லாவிட்டாலும் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் குரலில் உற்சாகம் வந்தாக வேண்டும். அம்மாவின் 'நல்லா இருக்கேன்' அந்த மாதிரி வரவழைத்துக்கொண்டதா, நிஜமா என்ற கேள்வி எனக்குள் வெகுநாளாக இருந்தது.

அங்கே உட்கார்ந்து ஸ்டான்லி வாரன் கதையை அம்மாவுக்குச் சொன்னேன். அவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படை வீரர், ஓவியர். கைதியாகி, கடுமையான வயிற்றுக்கடுப்பும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து, பிழைப்பாரோ மாட்டாரோ என்ற நிலையில் ராபர்ட்ஸ் முகாம் மருத்துவமனையில் கிடந்தார். அங்கிருந்த சிறு தேவாலயத்தின் சுவர்களில் ஓவியம் தீட்டப் பாதிரியார்கள் கேட்டார்கள். வண்ணம் ஏது? சக கைதிகள் எங்கெங்கோ தேடிக் கொண்டுவந்தார்கள். பில்லியர்ட்ஸ் கோலின் நுனியில் தேய்க்கும் சாக்கட்டியிலிருந்து நீலம் கிடைத்தது. சிறிது நேரம் வரைவார், களைத்துப்போய் ஓய்வெடுப்பார், மறுபடி வரைவார். அப்படியே ஐந்து ஓவியங்களை முடித்தார்.

"வலியோடயேவா வரைஞ்சாரு?" என்று அம்மா கேட்டார்.

"ஆமாம்மா."

"குணமான பிறகு பார்க்கலாம்னு இருந்தா வரைஞ்சிருக்க முடியாது பாப்பா. எனக்கும் ஊசி குத்தினா வலிக்கத்தான் செய்யுது. அன்னைக்கும் கர்த்தர் கூடத்தான் இருக்காரு. அது போதும்னு இப்பத்தான் கொஞ்சங்கொஞ்சமா பழகிட்டு வர்றேன்."

'பழகிட்டு வர்றேன்' என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. பவுல் அப்போஸ்தலரும் பிலிப்பியருக்குச் சிறையிலிருந்துதான் கடிதம் எழுதினார். எந்த நிலையிலும் மனரம்மியமாக இருப்பதைத் தாம் கற்றுக்கொண்டதாகவே அதில் சொல்கிறார், பிறவியிலேயே வாய்த்த குணம் என்று சொல்லவில்லை. வாரனின் ஓவியங்களில் ஒன்று, பவுலின் தோழரான மருத்துவர் லூக்கா சிறையில் இருக்கும் காட்சி.

விசுவாசம் இருந்தால் துன்பம் தொடாது என்று இந்த இடம் சொல்லவில்லை. இங்கிருந்து சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்ட பலர் திரும்பவே இல்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட நம் தமிழர்களும் ஆயிரமாயிரமாக மாண்ட பாதை அது. வாரனுக்கும் காயம் ஆறிவிடவில்லை. வெள்ளையடித்து மறைந்துபோன ஓவியங்கள் 1958இல் வெளிப்பட்டபோது அவர் லண்டனில் ஓவிய ஆசிரியர். அந்த நாள்களை மறக்க விரும்பிய அவர், திரும்பி வர முதலில் தயங்கினார். பிறகு 1963, 1982, 1988 என மூன்று முறை வந்து, தம் கையாலேயே அவற்றைச் சீர்ப்படுத்தினார். நினைவு வலித்தது, ஆனாலும் வந்தார்.

அந்த மூல ஓவியங்கள் இன்று விமானப்படைத் தளத்துக்குள் இருப்பதால் நினைத்தபோது போய்ப் பார்க்க முடியாது. தேவாலயத்துக்கு யாரும் போகலாம், கிறிஸ்துவராக இருக்கவேண்டும் என்பதில்லை. அடுத்த முறை விமான நிலையத்துக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிப்போங்கள். அங்குள்ள பெஞ்சில் உட்கார்ந்தால், வீட்டில் பேசாத சிலவற்றை அவர்களே பேசுவார்கள்.