சீப்பு இருந்த இடம்

தலை வாரும் நேரம்தான் எங்கள் வீட்டில் கதை நேரம். மாலை ஆறு மணிக்கெல்லாம் பாட்டி தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். சீப்பு பக்கத்து ஜன்னல் விளிம்பிலேயே இருக்கும். ஒரு படி கீழே நான். சிக்கு எடுக்க எடுக்கக் கதை வளரும். நல்லதங்காள் கதை, அனுமார் கடலைத் தாண்டிய கதை, கெடா தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போகும்போது யானை வழிமறித்த கதை... இரட்டைச் சடையில் ரிப்பன் ஏறினால் அன்றைய கதை முடிந்தது என்று பொருள்.

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை இப்படித்தான். பிறகு இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பு. முதல் வாரமே பின்னால் இருந்த ஒரு மாணவி என் தலை எண்ணெய் வாசத்துக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டாள். வகுப்பே சிரித்தது. அன்று மாலை பாட்டியிடம், "இனிமே நானே வாரிக்கிறேன்" என்றேன். அடுத்த மாதம் முடியைத் தோள்வரை வெட்டிக்கொண்டேன். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. சில நாள் வழக்கம்போல ஆறு மணிக்கு வந்து உட்கார்ந்தார். பிறகு அதுவும் நின்றுபோனது.

முடியை மட்டும்தான் வெட்டினேன் என்று நினைத்திருந்தேன். கதையையும் சேர்த்து வெட்டியிருக்கிறேன் என்று புரிய எட்டு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒரு கடற்கன்னியின் முன்னால்!

கடந்த ஆண்டு செமஸ்டர் விடுமுறையில் குடும்பத்தோடு ஹாட்யாய் போனோம். புக்கிட் காயு ஈத்தாம் எல்லையைத் தாண்டிப் போகும் பயணம் வடமாநிலக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. மறுநாள் அங்கிருந்து 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சொங்க்லா துறைமுக நகரத்துக்கு வேன் பிடித்தோம். மலாய்க்காரர்கள் இவ்வூரைச் சிங்கோரா என்பார்கள். கிளந்தானின் பழைய வீட்டுக் கூரைகளில் காணும் சிங்கோரா ஓடுகளுக்குப் பெயர் தந்த ஊர் இதுதான்.

அங்கே சமிலா கடற்கரைப் பாறையில், ஈரக் கூந்தலை இரு கைகளாலும் பிழிந்தபடி உட்கார்ந்திருக்கிறாள் வெண்கலக் கடற்கன்னி. சித் புவாபுட் என்ற சிற்பி 1966இல் வடித்த சிலை. 2018 டிசம்பர் 26ஆம் நாள் இந்தக் கடற்கரையில் வெடித்த குண்டுகளால் அவளும் சேதமடைந்தாள். பிறகு பழுதுபார்த்தார்கள். இப்போது காயம்பட்டவளாகவே தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் கடலில் பூனைத் தீவும் எலித் தீவும் தெரிகின்றன.

"யாரு பாப்பா இது, அம்மனா?" என்று பாட்டி கேட்டார்.

எனக்குப் பெருமை பொங்கியது. தாய்லாந்து இராமாயணமான 'இராமகியென்' பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். அதில் இராவணனுக்குச் சுவர்ணமச்சா என்று மீனுடல் கொண்ட ஒரு மகள் உண்டு. சேதுவைக் கட்டவிடாமல் கற்களைக் களவாட வந்தவள் அனுமாரிடமே மனத்தைப் பறிகொடுக்கிறாள். மச்சானு என்று ஒரு பிள்ளையும் பிறக்கிறான். இதைச் சொன்னதும் பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அனுமாருக்குப் புள்ளையா? நல்லா படிச்ச போ!"

வேன் ஓட்டுநருக்கு மலாய் தெரியும். இவள் அவள் இல்லை என்று சிரித்துவிட்டு, ஊர்க்கதையைச் சொன்னார். அதைத் தமிழில் பாட்டிக்குச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. வாயைத் திறந்தேன். 'டுயோங்' வருகிறது, 'மெர்மெய்ட்' வருகிறது, தமிழ்ச் சொல் மட்டும் வரவில்லை! "மீன் பொண்ணு..." என்று இழுத்தேன்.

"கடல்கன்னின்னு சொல்லு" என்றார் பாட்டி.

சொன்னேன். நிலவு காயும் இரவுகளில் ஒரு கடற்கன்னி கரைக்கு வந்து தங்கச் சீப்பால் தலை வாருவாளாம். ஓர் இரவு அந்த வழியே வந்த மீனவன் அவளைப் பார்த்துவிட்டான். அவள் பயந்து கடலில் குதித்தாள். சீப்பு கரையிலேயே கிடந்தது. அவன் அதை எடுத்துப் பத்திரப்படுத்தி, அவள் வருவாள் வருவாள் என்று தினமும் காத்திருந்தான். அவள் வரவே இல்லை.

எட்டு ஆண்டுகளில் நான் பாட்டியிடம் முழுதாகப் பேசியது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். பாட்டி சிலையின் கைகளை உற்றுப் பார்த்தார். அந்தக் கைகளில் சீப்பு இல்லை.

"சீப்ப அவன் எடுத்து வச்சிக்கிட்டானா?"

"ஆமா பாட்டி. பத்திரமா."

"அதான் வரல. கெடந்த எடத்துலயே விட்டிருந்தா எடுக்கவாவது வந்திருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் தமிழ்மொழி எடுத்தேன், 'ஏ' வாங்கினேன். அந்தச் சான்றிதழ் இன்றும் பிளாஸ்டிக் உறைக்குள் கசங்காமல் இருக்கிறது. தேர்வுக்காக நூறு பழமொழிகளை மனப்பாடம் செய்த அதே ஆண்டில், பக்கத்து அறையில் இருந்த பாட்டியிடம் என்ன பேசினேன்? "சாப்பிட்டீங்களா?" "தூங்கப் போறேன்." அவ்வளவுதான். எடுத்துப் பத்திரப்படுத்துவது ஒன்று, எடுத்துப் புழங்குவது வேறொன்று. தமிழை நேசிக்கிறேன் என்று கழக மேடையில் பேசிய நானும் அந்த மீனவனும் ஒன்றுதான் நண்பர்களே!

ஊர் திரும்பிய மறுநாள் மாலை வாசலுக்கு வந்தேன். ஜன்னல் விளிம்பில் அந்தப் பழைய சீப்பு இருந்தது. நான் தினமும் கடந்துபோன ஜன்னல்தான். இந்த எட்டு ஆண்டுகளில் எத்தனையோ முறை வீட்டை ஒதுக்கினோம், இரண்டு முறை சாயம் அடித்தோம். யார் அதை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் திரும்ப வைத்தது என்று நான் கேட்கவில்லை.

எடுத்துக்கொண்டு போய்ப் படியில் உட்கார்ந்தேன். "முடி கட்டையாத்தான் இருக்கு பாட்டி. சடை வராது."

"வராட்டி போவுது. திரும்பி உக்காரு" என்றார் பாட்டி. "அந்த யானக் கதைய எதுல விட்டேன்?"