டான் ஹெங்கிற்கு ஆறு அணிகலன்கள்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



கைப்பேசி விளையாட்டைப் பற்றி நம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று கணக்கு சிஸ்டரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அதில் கணக்கு இருந்தால் எழுது" என்றார்கள். இருக்கிறது சிஸ்டர், நிறையவே இருக்கிறது! நிகழ்தகவுப் பாடத்தை வகுப்பில் நடத்துவதற்கு முன்பே அதில் பாதியை எனக்குக் கற்பித்தவன் டான் ஹெங் என்னும் ஈட்டி வீரன்தான்.

விளையாட்டின் பெயர் ஹொன்காய் ஸ்டார் ரெயில். சீனாவின் ஷாங்காய் நகரத்தில் உள்ள மிஹோயோ நிறுவனத்தார் உருவாக்கி, 2023 ஏப்ரல் 26 அன்று வெளியிட்டது. விண்மீன்களுக்கிடையே ஓடும் ஒரு ரெயில் வண்டி; அதில் பயணம் செய்யும் சில இளைஞர்கள்; இறங்குகிற உலகமெல்லாம் ஒரு தொல்லை. சண்டை வந்தால் நான்கு பேர் வரிசையில் நிற்பார்கள். சதுரங்கம் போல நாம் ஒரு முறை, எதிரி ஒரு முறை. விரல் வேகம் தேவையில்லை. யோசிப்பதற்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதனால்தான் எனக்குப் பிடித்தது என்று நினைக்கிறேன். கூடைப்பந்துத் திடலில் என் விரல் வேகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

பெற்றோர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வகை விளையாட்டுகளைக் 'கச்சா' என்பார்கள். காசு போட்டுக் கைப்பிடியைத் திருகினால் உருண்டையில் அடைத்த பொம்மை ஒன்று விழும் இயந்திரம் ஜப்பான் கடைத்தெருக்களில் உண்டு. அதன் பெயர் கச்சாபோன். எந்தப் பொம்மை விழும் என்று முன்கூட்டித் தெரியாது. அதே போலத்தான் இங்கே புதிய வீரர்களைச் சீட்டிழுத்துப் பெற வேண்டும். ஒரு சீட்டுக்கு 160 பச்சைக் கற்கள். கற்களை ஆடியும் சேர்க்கலாம், பணம் கொடுத்தும் வாங்கலாம். ஐந்து நட்சத்திர வீரர் விழும் வாய்ப்பு 0.6 சதவீதம், அதாவது ஆயிரத்துக்கு ஆறு. விழாமலே போனால் 90ஆவது சீட்டில் ஒருவர் உறுதி. ஆனால் அவர் நாம் விரும்பியவராக இல்லாமலும் போகலாம். அப்போது அடுத்த 90க்குள் விரும்பியவரே வருவார். ஆக மிக மோசமான நிலையில் 180 சீட்டுகள், 28,800 கற்கள். இந்தச் சதவீதங்களையெல்லாம் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்ற விதி சீனாவில் 2017 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிலோ, துண்டு துண்டாகச் சேர்த்தால் பெரும்பரிசு என்ற ஒரு வகைக் கச்சாவை 2012இலேயே நிறுத்திவிட்டார்கள்.

"அப்படியானால் இது சூதாட்டம்தானே, கண்ணு?" என்று அம்மா கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு. என் சித்தப்பா மகன், வேறொரு விளையாட்டில், கிறிஸ்துமஸ் துணிக்கு வைத்திருந்த பணம் முழுவதையும் ஒரே மாலையில் சீட்டிழுத்துத் தீர்த்தான். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆகவே எனக்கு இரண்டு நிபந்தனைகள்: ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது, மாலையில் அம்மாவின் கைப்பேசியில் அரை மணி நேரம் மட்டும்.

பணமில்லாதவளுக்குக் கிடைத்தவன் டான் ஹெங். கதையின் தொடக்கத்திலேயே எல்லாருக்கும் இலவசமாக வந்துவிடுகிற நான்கு நட்சத்திர வீரன். ரெயிலில் ஆவணங்களைக் காப்பவன், அதிகம் பேசாதவன். 'வேட்டை'ப் பாதையைச் சேர்ந்தவன், காற்று வகை அடி. (இவனே 2023 ஆகஸ்டு இறுதியில் கொம்பு முளைத்து ஐந்து நட்சத்திரமாக வேறு உருவில் வந்தான். எனக்குக் கிட்டவில்லை.) என் தோழி ஒருத்தியிடம் ஸீலே இருக்கிறாள். விளையாட்டு வெளிவந்த நாளில் சிறப்புச் சீட்டில் முதன்முதலாக வைக்கப்பட்ட வீராங்கனை. ஓர் எதிரியை வீழ்த்தினால் உடனே இன்னொரு முறை அடிக்கும் வல்லமை உடையவள். "உன் இலவசப் பையன் எத்தனை அடிப்பான்?" என்று அவள் உணவு இடைவேளையில் கேட்பாள். அந்தக் கேள்விதான் என்னைக் கணக்குப் போட வைத்தது.

இனி அணிகலன்களுக்கு வருவோம். ஒவ்வொரு வீரருக்கும் ஆறு 'ரெலிக்'குகள் அணிவிக்கலாம். (புனிதர்களின் திருப்பண்டங்களுக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்; முதலில் பார்த்தபோது திகைத்துப் போனேன்.) தலை, கை, உடல், கால் ஆகிய நான்கு ஒரு தொகுப்பு, உருண்டை, கயிறு என்னும் இரண்டு இன்னொரு தொகுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு முதன்மைப் பண்பும், முடிவில் நான்கு துணைப் பண்புகளும் இருக்கும். தலையில் எப்போதும் உயிர்ப்பலம், கையில் எப்போதும் தாக்கு பலம். இவற்றின் முதன்மைப் பண்பை மாற்ற முடியாது. மற்ற நான்கில்தான் தேர்வே இருக்கிறது.

புதிதாக ஆடுகிறவர்கள் எல்லாரும் தாக்கு பலத்தையே மேலும் மேலும் ஏற்றுவார்கள். அடிப்பவனுக்குத் தாக்கு பலம் வேண்டும் என்பது இயல்பான எண்ணம். ஆனால் ஓர் அடியின் அளவு கூட்டலால் வருவதில்லை, பெருக்கலால் வருகிறது. தாக்கு பலம் ஒரு காரணி. காற்று அடியின் கூடுதல் சதவீதம் இன்னொரு காரணி. கிரிட் மூன்றாவது. எதிரியின் தற்காப்பும் தடையும் அதன் பிறகு. ஒரே காரணிக்குள் சேர்ப்பவை ஒன்றோடொன்று கூடுகின்றன; வெவ்வேறு காரணிகளோ பெருகுகின்றன. எடுத்துக்காட்டாக, தாக்கு பலத்தில் ஏற்கெனவே 100 சதவீதம் கூட்டியிருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டையில் இன்னும் 43.2 சதவீதத் தாக்கு பலம் சேர்த்தால் 200 என்பது 243.2 ஆகிறது, அடி சுமார் 22 சதவீதம் உயரும். அதே உருண்டையில் காற்று அடி 38.8 சதவீதம் வைத்தால்? என்னிடம் காற்றுக் கூடுதல் 10 சதவீதம்தான் இருந்தது. 1.10 என்பது 1.488 ஆகிறது, 35 சதவீத உயர்வு! பெரிய எண் தோற்றது, சிறிய எண் வென்றது. நிறைந்த பானையை விட்டுவிட்டுக் குறைந்த பானையில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கிரிட் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல ஆசை, ஏனெனில் இதுதான் அழகான பகுதி. சில அடிகள் வழக்கத்தைவிடப் பலமாக விழும். எத்தனை அடிக்கு ஒருமுறை என்பது கிரிட் ரேட். எவ்வளவு கூடுதலாக என்பது கிரிட் டேமேஜ். எல்லாரும் 5 சதவீதம், 50 சதவீதம் என்று தொடங்குகிறார்கள். இரண்டையும் பெருக்கி ஒன்றுடன் கூட்டினால் சராசரி அடி கிடைத்துவிடும். அணிகலன்களில் ஒரு பங்கு ரேட் கிடைக்கும் இடத்தில் டேமேஜ் இரண்டு பங்காகக் கிடைக்கிறது. ஆகவே ரேட்டை இரட்டித்து டேமேஜோடு கூட்டி, மொத்தம் 240 என்று ஒரு முதல் நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். ரேட் 30, டேமேஜ் 180 என்றால் சராசரி 1.54. ரேட் 90, டேமேஜ் 60 என்றாலும் 1.54தான்! நடுவில், ரேட் 60, டேமேஜ் 120 என்றால் 1.72. சுற்றளவு மாறாத செவ்வகங்களில் சதுரத்திற்கே பரப்பு அதிகம் என்று படித்தோம் அல்லவா? அதே உண்மைதான் ஈட்டி பிடித்து நிற்கிறது.

என் தோழியின் ஸீலேவுக்கு ரேட் 20, டேமேஜ் 200. ஐந்து அடியில் ஒன்று மூன்று மடங்காக விழும். அந்த ஒன்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு அனைவருக்கும் காட்டுவாள். மற்ற நான்கைப் படமெடுப்பதில்லை. சராசரி 1.40. அவள் ஸீலேவுக்காகவே செய்த ஐந்து நட்சத்திர ஆயுதச் சீட்டை வாங்கப் பிறந்தநாள் பணத்தைத் தனியே எடுத்து வைத்திருந்தாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நான் எழுதிக் காட்டினேன்: உடல் அணிகலனில் இருக்கும் 64.8 சதவீத டேமேஜை நீக்கிவிட்டு, 32.4 சதவீத ரேட் உள்ளதை மாட்டு; துணைப் பண்புகள் அப்படியே இருந்தால் ரேட் 52.4, டேமேஜ் 135.2, சராசரி 1.71. ஒரே ஒரு துண்டு, ஒரு காசுச் செலவில்லை, அடி 22 சதவீதம் உயர்கிறது.

அத்தகைய துண்டு அவள் பையிலேயே தூங்கிக் கொண்டிருந்தது. மாட்டினாள். சண்டைகள் விரைவாக முடிந்தன. ஆனாலும் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஏனென்றால் படமெடுக்கும் அந்தப் பெரிய எண் சிறுத்துவிட்டது! பிறந்தநாள் பணம் இன்னும் உறையில்தான் இருக்கிறது என்று சொல்கிறாள். எத்தனை நாளுக்கு என்று நான் கேட்கவில்லை.

கால் அணிகலனில் எனக்கு ஐயமே இல்லை: வேகம். ஒவ்வொருவரும் 10,000 அடி தூரத்தை ஓடி முடித்தால் ஒரு முறை அடிக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். டான் ஹெங்கின் இயல்பான வேகம் 110. அப்படியானால் முதல் அடி 90.9ஆம் நொடியில், இரண்டாவது 181.8இல். கடினமான சண்டைகளில் முதல் சுற்றின் நீளம் 150. ஆகவே ஒரே அடிதான். வேகக் காலணி சுமார் 25 கூட்டுகிறது. 135 ஆனால் 74.07, 148.1 என இரண்டு அடிகள் உள்ளே நுழைந்துவிடும். 133 இருந்தால்கூட 150.4 ஆகி, வாசலில் நின்றுவிடுவான். (நொடி என்றது என் வசதிக்கு, விளையாட்டில் அது வேறு அளவை.) வேகம் 120ஐத் தாண்டினால் நான் மாட்டியுள்ள ஸ்பேஸ் சீலிங் ஸ்டேஷன் என்னும் உருண்டை-கயிறுத் தொகுப்பு 12 சதவீதத் தாக்கு பலத்தை 24 ஆக்கித் தருகிறது. நான்கு துண்டுத் தொகுப்போ ஈகிள் ஆஃப் டுவைலைட் லைன்: பேரடி அடித்ததும் அடுத்த முறை கால்பங்கு முன்னால் வரும். இப்படி ஒன்று இன்னொன்றுக்குக் கை கொடுப்பதைக் காண்கையில் எனக்கு ஜியோமிதித் தேற்றம் நிறுவி முடித்தது போன்ற மகிழ்ச்சி.

ஆனால் தோழியரே, அணிகலன்களும் சீட்டுத்தான்! இதை மறைத்தால் அம்மாவின் கேள்விக்கு நேர்மையான பதிலாகாது. குகையில் ஒருமுறை சண்டையிட 40 சக்தி செலவாகும். சக்தி ஆறு நிமிடத்திற்கு ஒன்றாக ஊறுகிறது. ஒரு நாளைக்கு 240, ஆக ஆறு சண்டைகள். அந்தக் குகையில் காற்றுத் தொகுப்பும் பனித் தொகுப்பும் கலந்து விழும். எனக்கு வேண்டிய தொகுப்பில் எனக்கு வேண்டிய கால் துண்டு எட்டில் ஒன்று. அதில் முதன்மைப் பண்பு நான்கில் ஒன்று; சம வாய்ப்பு என்றே கொண்டாலும் 32இல் ஒன்று. வேகம் மற்ற மூன்றையும்விட அரிது என்பதால் உண்மையில் இன்னும் குறைவு. கிடைத்த பின் துணைப் பண்புகள் 12 வகையிலிருந்து வருகின்றன. டான் ஹெங்கிற்கு உண்மையில் பயன்படுபவை நான்கே. 15ஆம் நிலை வரை ஏற்றுகையில் மூன்று நிலைக்கு ஒருமுறை, மொத்தம் ஐந்து முறை, ஏதாவதொரு துணைப் பண்பு வளரும். எது என்று நம்மைக் கேட்பதில்லை. என் முதல் வேகக் காலணியில் ஐந்தில் நான்கு தற்காப்புக்கே போயிற்று. அம்மா எட்டிப் பார்த்து, "உன் பையன் அடி வாங்கத்தான் பிறந்திருக்கிறான்" என்றார்கள்.

பணத்திற்குப் பதிலாக நான் கொடுப்பது நாள்கள். அந்தச் சக்தியையும் பச்சைக் கற்களால் நிரப்ப வழி வைத்திருக்கிறார்கள். கற்களுக்குப் பின்னால் மறுபடியும் பணம் நிற்கிறது. அந்தக் கதவை நான் திறப்பதில்லை. ஆயுதச் சீட்டுக்கும் என்னிடம் பணமில்லாத வழி ஒன்று இருந்தது: குரூயிசிங் இன் த ஸ்டெல்லர் ஸீ என்னும் ஐந்து நட்சத்திரச் சீட்டை, விளையாட்டில் ஈட்டும் நாணயங்களைக் கொடுத்தே ஹெர்டாவின் கடையில் வாங்கலாம். அது கிரிட் ரேட்டை 8 கூட்டும்; எதிரியின் உயிர்ப்பலம் பாதிக்குக் கீழே போனால் மேலும் 8.

துணைக்கு யார் என்று கேட்பீர்கள். டிங்யுன் என்னும் விசிறிப் பெண். அவள் தன் கூட்டாளி ஒருவனை வாழ்த்தித் தாக்கு பலம் கூட்டுவாள். தோழர் ஒருவரின் உதவி தன்மேல் பட்டால் டான் ஹெங்கின் அடுத்த அடி எதிரியின் காற்றுத் தடையைத் துளைத்துச் செல்லும். அது அவன் பிறவிக்குணம். பெலா எதிரியின் தற்காப்பைக் குறைப்பாள். நட்டாஷா மருத்துவம் பார்ப்பாள். அடிப்பவன் பெயர்தான் வெளியே தெரிகிறது.

இத்தனை செய்தும் கடைசி மாடியான 12ஆவது நினைவுக் கட்டத்தில் என் டான் ஹெங் நேரத்திற்குள் முடிப்பதில்லை. 2023இல் வந்த நான்கு நட்சத்திரக்காரன் அவன். ஆண்டுதோறும் புதியவர்கள் அவனைவிடப் பலசாலிகளாக வருகிறார்கள்; எதிரிகளின் உயிர்ப்பலமும் அதற்கேற்ப ஏறிக்கொண்டே போகிறது. புதியவர்களை இழுக்கச் சொல்லும் தூண்டில் அது என்பது எனக்குத் தெரிகிறது. அதற்கு முந்தைய கட்டங்களில் அவன் போதும்.

இப்போது ரேட் 60க்கும் டேமேஜ் 120க்கும் மிக அருகில் வந்துவிட்டான். கயிறு மட்டும் இன்னும் 12ஆம் நிலையில் நிற்கிறது. ஒரே ஒரு வளர்ச்சி மிச்சம். அது வேகமா, தற்காப்பா என்பதை அரையாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமைதான் பார்க்க வேண்டும். அதுவரை கைப்பேசி அம்மாவின் அலமாரியில்.