அக்கரைப் பகையும் இக்கரைக் கவலையும்

புத்தளக் கரையோர முஸ்லிம்களுக்கு மேற்குத் திசை இருவகையில் முக்கியமானது. தொழுகைக்கு அவர்கள் முகந்திருப்புவதும் அத்திசை. பிழைப்புத் தேடிப் பிள்ளைகள் சென்றதும் அத்திசை.

கற்பிட்டிக் கிராமமொன்றில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். 2016 ஜனவரியில் ஒருநாள் அயல்வீட்டுத் தாய் அவரிடம் வந்தார். அவருடைய மகன் சவூதி அரேபியாவின் தம்மாம் நகரில் சாரதி. ஷீஆ அறிஞர் நிம்ர் அல்-நிம்ருக்குச் சவூதி அரசு மரணதண்டனை நிறைவேற்றியதும், தெஹ்ரானிலிருந்த சவூதித் தூதரகம் தாக்கப்பட்டதும், இரு நாட்டுறவும் முறிந்ததும் வானொலிச் செய்தியாய் வந்திருந்தன.

"சேர், சண்டை ஏதும் வந்திருமா? மகன்ட தொழிலுக்கு ஒண்டும் ஆகாதுதானே?"

ஆசிரியர் வரலாறு கற்பித்தவர். சுன்னி, ஷீஆ வேறுபாடே இப்பகைக்கு முழுக் காரணமென்பர் பலர். அக்கூற்று ஆராயத்தக்கது. அவ்வேறுபாடு பல நூற்றாண்டுப் பழமையுடையது. ஆயினும் 1979இல் ஈரானியப் புரட்சி நிகழும்வரை இரு முடியரசுகளும் அமெரிக்காவின் நட்பு நாடுகளாய் இணங்கியே இருந்தன. 1987இல் ஹஜ்ஜுக் காலத்தில் மக்காவில் நேர்ந்த மோதலில் ஏறத்தாழ நானூறு பேர் மாண்டனர், 1988இல் உறவு முறிந்தது, 1991இல் மீண்டது. எனவே, முறித்ததும் இணைத்ததும் மார்க்கமன்று. ஆட்சியாளரின் அச்சமும் நலனுமே எனல் பொருந்தும்.

இலங்கை போன்ற சிறுநாட்டுக்கோ இருவரும் வேண்டியவர். ஒரு நாட்டில் நம்மவர் உழைக்கின்றனர். மற்றது நம் தேயிலையை வாங்குவது. ஈரானுக்குரிய 251 மில்லியன் டொலர் எண்ணெய்க் கடனைத் தேயிலையாகவே தீர்க்க 2021இல் உடன்பாடு காணப்பட்டது.

இக்கரைக்கு அரபும் பாரசீகமும் புதியனவல்ல. 1344இல் இங்கு வந்திறங்கிய மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, தாம் கண்ட ஆரியச் சக்கரவர்த்தி பாரசீகம் அறிந்திருந்ததாகக் குறித்துள்ளார். அவர் கூறும் பத்தாலா புத்தளமே என்பர்.

இவற்றுள் எதனையும் ஆசிரியர் அத்தாயிடம் கூறவில்லை. "பயப்படாதீங்க, மகன் சுகமா இருப்பார்" என்று மட்டுமே கூறினார். அதனை அவரே முழுதாய் நம்பவில்லை.

2023 மார்ச் 10ஆம் நாள், உறவைப் புதுப்பிக்க இரு நாடுகளும் பீஜிங்கில் இணங்கின. ஆசிரியர் செய்தி கொண்டுசென்றபோது அத்தாய் முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றவர், சற்றுப் பொறுத்து, "இத முந்தியே பேசியிருக்கலாமே சேர்?" என்றார்.

ஏழாண்டுகளாகத் தொலைபேசி ஒலிக்குந்தோறும் நெஞ்சதிர்ந்தவரின் வினா அது. அரசறிவியல் நூல்களில் அதற்கு விடை இருத்தல் கூடும், ஆசிரியரிடம் இருக்கவில்லை.